பைதுஷ்கோ ஹோரோ: ஐந்து எண்ணினால் கால் ஏன் வருவதில்லை?

கேள்வி இதுதான். உடன் வேலை செய்யும் பல்கேரியப் பெண்ணின் கல்யாணத்துக்கு வெலிகோ தர்னோவோ போகிறீர்கள். அவர் முன்கூட்டியே ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். முப்பது நாற்பது பேர் கைகோத்து, விந்தி விந்தி நடப்பதுபோல வேகமாக ஆடுகிறார்கள். பெயர் பைதுஷ்கோ ஹோரோ. மிருதங்கம் கற்ற பழக்கத்தில் ஐந்து ஐந்தாக எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள். கர்நாடக இசையின் கண்ட சாபு தாளம் மாதிரி இருக்கிறது, ஆனால் எண்ணிக்கொண்டே ஆடினால் கால் பின்னிக்கொள்கிறது. ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இது பல்கேரியாவின் ஆட்டமா, மாசிடோனியாவின் ஆட்டமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பல்கேரியாவின் ப்லோவ்திவ் நகரில் நான்கு வருடம் இருந்தேன். வாரம் இரண்டு மாலை ஒரு நாட்டுப்புற நடனக் குழுவில் ஆடினேன். பைதுஷ்கோ என் காலில் ஏற இரண்டு மாதம் ஆயிற்று. அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல ஆசை.

முதலில் தாளம். உங்கள் காது தப்பு செய்யவில்லை. இரண்டும் மூன்றுமாக ஐந்து, தக, தகிட. கண்ட சாபுவின் கணக்கேதான். இரண்டுக்கும் வரலாற்று உறவு இருப்பதாக நான் சொல்லவில்லை, கணக்கு மட்டும் ஒன்று. சிக்கல் நீங்கள் எண்ணுவதில்தான் இருக்கிறது. பல்கேரியாவில் ஆடுகிறவர்கள் யாரும் ஐந்து எண்ணுவதில்லை. அவர்கள் காலுக்கு ஒரு சுற்றில் இருப்பது இரண்டே அடி. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. பாட்டு வேகமாகப் போகும்போது ஒரு முழுச் சுற்று ஒரு நொடிகூட ஆகாது. அதற்குள் ஐந்தை எண்ணி, எண்ணியதைக் காலுக்கு அனுப்ப நேரமே கிடையாது.

குறில் நெடில் என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு திருத்தத்தோடு. நமக்குக் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. பைதுஷ்கோவில் நெடில் இரட்டிப்பாவதில்லை, ஒன்றரை மடங்கோடு நின்றுவிடுகிறது. இந்த அரை மடங்குதான் முழு ஆட்டமும். இதைப் பிடிக்காதவர்கள் இரண்டு விதமாகத் தவறுவார்கள். சிலர் இரண்டு அடியையும் சமமாக வைத்துவிடுவார்கள். அது அணிவகுப்பு நடையாகிவிடும். சிலர் நெட்டையை இரட்டிப்பாக இழுத்துவிடுவார்கள். அது மூன்று எண்ணிக்கை ஆகி, ஊஞ்சல் ஆடுவதுபோல ஆகிவிடும். நான் இரண்டாவது வகை. வரிசை என்னை விட்டு எப்போதும் ஒரு முடி அளவு முன்னால் போய்க்கொண்டிருக்கும். பக்கத்தில் ஆடிய பாட்டிதான் என் கையைக் கீழ்நோக்கி லேசாக இழுத்து இழுத்துத் திருத்துவார்.

எங்கள் ஆசிரியை ஒரு நாள் பாட்டை நிறுத்திவிட்டு எல்லோரையும் சும்மா நடக்கச் சொன்னார். "உங்கள் இடது செருப்புக்குள் ஒரு பொடிக்கல் இருக்கிறது. ஆனால் பஸ் கிளம்பப் போகிறது, நின்று எடுக்க நேரமில்லை." அவ்வளவுதான் சொன்னார். எல்லோரும் இடது காலைச் சட்டென்று எடுத்து, வலது காலில் கொஞ்சம் தங்கி நடந்தோம். அப்படியே மத்தளத்தைப் போட்டார். பைதுஷ்கோ வந்துவிட்டது. எண்ணிக்கையால் இரண்டு மாதத்தில் வராதது கல்லால் ஐந்து நிமிடத்தில் வந்தது. நீங்களும் வீட்டுக் கூடத்தில் இதை முதலில் செய்து பாருங்கள், அப்புறம் வீடியோவுக்குப் போங்கள்.

இந்த விந்தல் வெறும் உவமை இல்லை. 2, 3 என்ற இரண்டு அளவுகளை வேறுவேறு வரிசையில் அடுக்கி உருவாகும் தாளங்களுக்கு இசை ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயரே அக்சக். துருக்கிய மொழியில் விந்தி நடப்பது என்று பொருள். கான்ஸ்டன்டின் பிரெய்லோயு என்ற ருமேனிய ஆய்வாளர் 1950களின் தொடக்கத்தில் துருக்கிய இசைக் கலைஞர்கள் பயன்படுத்திய அந்தச் சொல்லை எடுத்து இந்தத் தாளக் குடும்பம் முழுமைக்கும் பெயராக்கினார். அந்தக் குடும்பத்தில் பைதுஷ்கோ கடைக்குட்டி. ஐந்தை விடச் சிறிதாக இந்த முறையில் எதுவும் அமையாது.

மேலே போகப் போகக் குடும்பம் பெரிது. ஏழில் இரண்டு வகை: 2+2+3 என்றால் ராச்செனிட்ஸா, 3+2+2 என்றால் சேத்வோர்னோ, அந்த இரண்டாவதையே மெதுவாக ஆடினால் மாசிடோனியர்களின் லெஸ்னோத்தோ. ஒன்பதில் தைச்சோவோ, 2+2+2+3. பதினொன்றில் கொபானிட்ஸா, அங்கே நெட்டை நட்டநடுவில் உட்கார்ந்திருக்கும், 2+2+3+2+2. பதினைந்தில் புச்சிமிஷ். இரண்டு தாளங்களை ஒட்டுப்போட்டு இருபத்திரண்டு வரை போகும் ஆட்டமும் உண்டு. எண்ணைக் கேட்டு மலைக்க வேண்டாம். எழுபது வயது விவசாயி ஒருவர் இவை எல்லாவற்றையும் ஆடுவார். பதினொன்று என்ற எண் அதில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் உங்களை விசித்திரமாகப் பார்ப்பார். நெட்டை எங்கே விழுகிறது என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

சரி, கால் என்ன செய்கிறது?

பைதுஷ்கோவில் அடிப்படை அசைவு இரண்டு. முதலாவது, குட்டை அடியில் நிற்கும் காலிலேயே லேசாக எம்பித் தத்துவது, நெட்டை அடியில் அடுத்த காலை ஊன்றுவது. தத்து, ஊன்று. தத்து, ஊன்று. ஊன்றும் கால் மாறிக்கொண்டே வரும். எம்புவது என்றதும் குதிக்க வேண்டாம், குதிகால் தரையை விட்டு எழுந்தாலே போதும். இரண்டாவது அசைவுதான் நான் சொன்ன பொடிக்கல் நடை. ஒரு கால் குறுக்கே வந்து குட்டை அடியை மட்டும் தொட்டுவிட்டு விலகும், மற்றக் கால் பக்கவாட்டில் நெட்டை அடியைத் தாங்கும். இதில் குட்டை எப்போதும் ஒரு காலுக்கு, நெட்டை எப்போதும் மற்றக் காலுக்கு. வீடியோவில் உங்களுக்கு விந்தலாகத் தெரிந்தது இந்த இடமாகத்தான் இருக்கும்.

நாங்கள் கற்ற வடிவத்தில் மூன்று சுற்று வலப்பக்கம் தத்தி ஊன்றிப் போவோம்; நான்காவதில் வட்டத்தின் நடுவைப் பார்த்துத் திரும்பி இடது காலைக் குறுக்கே போட்டு எடுப்போம். அப்புறம் பக்கவாட்டில் விந்தல் நடை, அப்புறம் தத்திக்கொண்டே பின்னால் வந்து பழைய இடம். அடுத்த ஊரில் இந்த வரிசை மாறும். சில இடங்களில் பின்னால் போவதே கிடையாது. உங்கள் தோழி அனுப்பிய வீடியோவில் இருப்பது வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள், அவர்கள் ஊரில் அதுதான் சரி.

ஊருக்கு ஊர் காலின் குணமும் மாறுகிறது. ப்லோவ்திவ் இருப்பது த்ராக்கியச் சமவெளி. அங்கே முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தரையை விட்டு அதிகம் எழாமல், மண்ணுக்குள் அமர்ந்து ஆடுவார்கள். தலைநகர் சோபியாவைச் சுற்றியுள்ள ஷொப் பகுதியில் காலடி சின்னதாக, மின்னல் வேகத்தில் இருக்கும், தோள் தானாக அதிரும். கருங்கடல் பக்கம் தோப்ருஜாவில் கனமான மிதி, முழங்கால் தளர்ந்திருக்கும், கையும் தோளும் கூடப் பேசும். தென்மேற்கில் பிரின் மலைப்பகுதி ஆட்டங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் மாசிடோனியாவில் ஆடுவதோடு அப்படியே பொருந்தும். நீங்கள் போகும் வெலிகோ தர்னோவோ பால்கன் மலைத்தொடருக்கு வடக்கே இருக்கிறது. வடக்கத்தியார் ஆட்டம் லேசானது, கால் உயர எழும், கை நன்றாக ஊசலாடும். என்னைப் போல சமவெளிக்காரர்களிடம் கற்றவர்களுக்கு வடக்கு வரிசையில் சேர்ந்தால் முதல் பத்து நிமிடம் மூச்சு வாங்கும்.

ஹோரோ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வரிசையாகவோ திறந்த வட்டமாகவோ கைகோத்து ஆடும் எல்லா ஆட்டத்துக்கும் பல்கேரியாவில் இந்தப் பொதுப் பெயர்தான். மாசிடோனியாவில் ஓரோ. ருமேனியாவில் ஹோரா. எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது கோரோஸ் என்ற கிரேக்கச் சொல் என்பார்கள். கிரேக்கத்தில் இன்றும் நடனத்துக்கு அதே பெயர்.

வரிசைதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்கிறேன். வட்டம் மூடாது, ஒரு தலை, ஒரு வால் இருக்கும். வலப்பக்கமாக நகரும், அதாவது மேலிருந்து பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். வலது கடைசியில் இருப்பவர் தலைவர், பல்கேரியாவில் ஹோரோவோதெட்ஸ். வலது கை சும்மா இருப்பதால் அதில் ஒரு கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டே போவார். எந்தப் பக்கம் வளைய வேண்டும், எப்போது சுருள வேண்டும், எப்போது படி மாற வேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு. வாலில் இருப்பவருக்கும் பொறுப்பு உண்டு. வளைவில் வால்தான் அதிக தூரம் ஓட வேண்டும், வரிசை தொய்ந்து போகாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். நல்ல குழுவில் வாலுக்கு எப்போதும் ஒரு தேர்ந்த ஆளையே நிறுத்துவார்கள்.

பிடிப்பிலும் வகைகள் இருக்கின்றன. கையைக் கீழே தொங்கவிட்டுக் கோப்பது ஒன்று. முழங்கையை மடக்கித் தோள் உயரத்தில் கோப்பது ஒன்று. மாசிடோனியாவில் ஆண்கள் தோளில் கைபோட்டு ஆடும் ஆட்டங்கள் நிறைய. பக்கத்து ஆளின் இடுப்புவாரைப் பிடித்துக்கொண்டு ஆடுவதும் உண்டு. இதற்கு பல்கேரியாவில் லேஸா என்று பெயர். குச்சிகளைப் பின்னி முடையும் படல் வேலிக்கும் அதே சொல். உண்மையிலேயே அது வேலிதான். முன்னால் கைகள் குறுக்கு மறுக்காகப் பின்னியிருப்பதால் ஒருவர் தடுமாறினால் விழ முடியாது. பைதுஷ்கோவுக்குப் பெரும்பாலும் கையைக் கீழே கோத்துக்கொள்வதே வழக்கம். தத்தும்போது அந்தக் கை ஊஞ்சலாடும். உண்மையில் தாளம் உங்களுக்கு வந்து சேர்வது காது வழியாக மட்டும் இல்லை, அந்தக் கைகள் வழியாகவும்தான். தனியாகக் கண்ணாடி முன் ஆடிப் பழகியவர்கள் வரிசையில் சேர்ந்ததும் ஆட்டம் திடீரென்று சுலபமாகிவிட்டதாகச் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இசைக்கு வருவோம். நீங்கள் கேட்க வேண்டிய முதல் கருவி தபான். தோளில் மாட்டிக்கொள்ளும் பெரிய இருமுக முரசு. ஒரு கையில் தடித்த கோல், மறு கையில் மெல்லிய குச்சி. தடித்த கோல் ஒரு முகத்தில் முக்கிய அடிகளைப் போடும். மெல்லிய குச்சி மறுமுகத்தில் இடைப்பட்ட சிற்றடிகளை நிரப்பும். நம் தவில்காரர் ஒரு கையில் கோலும் மறு கையில் கூடுமாகச் செய்கிற வேலைப் பிரிவினையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். நீங்கள் எண்ண நினைத்த ஐந்தும் அந்த மெல்லிய குச்சியில் இருக்கிறது. உங்கள் காலுக்கு வேண்டிய இரண்டும் தடித்த கோலில் இருக்கிறது. குச்சியை விட்டுவிடுங்கள், கோலைக் கேளுங்கள்.

மேலே ராகம் இழுப்பது ஊருக்கு ஊர் வேறு. காய்தா என்ற தோல் பை ஊதுகருவி ஆட்டுத்தோலால் ஆனது. சுருதிக் குழல் ஒன்று விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். ராகக் குழலின் மேல் பக்கம் ஒரு ஊசித் துளை இருக்கிறது. அதைத் திறந்தால் எந்த ஸ்வரமும் அரை ஸ்வரம் உயரும். காய்தாக்காரர் விரலில் தெறிக்கும் அந்தத் துடிப்பான கமகங்களின் ரகசியம் பெரும்பாலும் அங்கேதான். கூடவே கவால் என்ற நீளப் புல்லாங்குழல், மடியில் நிமிர்த்தி வைத்து வில் போடும் கதுல்கா, மீட்டுவதற்குத் தம்புரா. பெயர் கேட்டு நம் தம்புரா என்று நினைக்க வேண்டாம், இதில் சுருதி மட்டுமல்ல, முழுப் பாட்டும் வாசிப்பார்கள். பிரினிலும் மாசிடோனியாவிலும் திறந்த வெளிக்கு சுர்னா, மாசிடோனிய மொழியில் சுர்லா. நாதஸ்வரத்தின் தூரத்து உறவு, சத்தமும் அப்படித்தான். இரண்டு சுர்னா ஒரு தபான் இருந்தால் ஊரே ஆடலாம்.

அவற்றை வாசிப்பவர்கள் பெரும்பாலும், ஜிப்சிகள் என்று மற்றவர்கள் அழைத்த ரோமா சமூகத்தவர். பால்கன் கல்யாண இசையைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடக் கூடாது. பைதுஷ்கோவையும் மற்ற ஹோரோக்களையும் அக்கார்டியனில் வாசித்து நாடு முழுக்கப் பரப்பிய போரிஸ் கார்லோவ் (1924–1964) ரோமா கலைஞர்தான். 1980களில் பல்கேரிய அரசு துருக்கிய, ரோமா இசையைப் பொதுவெளியில் ஒடுக்கிய காலமும் இருந்தது. ஆட்டத்தை "நம் மரபு" என்று கொண்டாடியபடியே அதை வாசித்தவர்களை ஒதுக்கிய அநியாயம் அது. நீங்கள் கல்யாணத்தில் கிளாரினெட்டோ அக்கார்டியனோ கேட்டு மெய்மறந்தால், ஆட்டம் முடிந்ததும் வாசித்தவரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இனி, யாருடைய ஆட்டம் என்ற கேள்வி.

இதற்கு நான் சொல்லும் பதில் இரண்டு பக்கத்துக்கும் முழுத் திருப்தி தராது. பைதுஷ்கோவை பல்கேரியா முழுவதும் ஆடுகிறார்கள். வடக்கு மாசிடோனியாவில் பைதுஷ்கோ ஓரோ என்று ஆடுகிறார்கள். வடக்கு கிரேக்கத்தில், அங்கேயும் மாசிடோனியா என்றே பெயருள்ள பகுதியிலும் த்ராக்கியாவிலும் அதன் பெயர் பைதுஸ்கா. துருக்கியின் ஐரோப்பியப் பகுதியிலும் அதே பெயரைக் கொஞ்சம் வேறு உச்சரிப்பில் கேட்கலாம். இந்த நிலம் முழுவதும் நூற்றாண்டுகளாக உஸ்மானியப் பேரரசுக்குள் இருந்தது. பல்கேரியாவின் ஒரு பகுதி 1878இல் விடுபட்டது, மாசிடோனியா 1912 வரை உள்ளேயே இருந்தது. 1912–13 பால்கன் போர்கள், அப்புறம் முதல் உலகப் போர், 1923இல் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடந்த கட்டாய மக்கள் பரிமாற்றம் என்று ஒரு பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் லட்சக்கணக்கானவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லை தாண்டினார்கள். வரும்போது வயலைக் கொண்டுவர முடியவில்லை, ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள். இன்று கிரேக்கத்தில் பைதுஸ்கா ஆடுகிற ஊர்களில் பல, இன்றைய பல்கேரியாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் போய்க் குடியேறிய குடும்பங்கள் நிறைந்தவை. இப்படி இருக்கும்போது எல்லைக்கல்லைக் கொண்டுபோய் ஆட்டத்தின் நடுவில் நடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பல்கேரியாவுக்கும் வடக்கு மாசிடோனியாவுக்கும் மொழி, வரலாறு பற்றிக் கடுமையான சச்சரவு இன்றும் இருக்கிறது. கல்யாண மேசையில் நீங்களாக அந்தப் பேச்சைத் தொடங்காதீர்கள். யார் எங்கே ஆடுகிறார்களோ அங்கே அது அவர்களுடையது. நான் இப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எழுதும் முறையிலும் சின்ன வேறுபாடு உண்டு. பல்கேரிய இசை நூல்களில் பைதுஷ்கோவைப் பெரும்பாலும் 5/16 என்று போடுவார்கள், மாசிடோனியப் பதிவுகளில் 5/8 என்று பார்க்கலாம். கேட்கிற காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"பல்கேரியத் தாளம்" என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியதற்கும் ஒரு கதை இருக்கிறது. இசையமைப்பாளர் தோப்ரி ஹ்ரிஸ்தோவ் 1913இல் இந்தத் தாளங்களின் இலக்கணத்தை முதலில் எழுதினார். இசை ஆய்வாளர் வாசில் ஸ்தொயின் 1927இல் அதை விரிவாக்கினார். அவர் தலைமையில் ஆயிரக்கணக்கான நாட்டுப் பாடல்கள் ஊர் ஊராகத் தொகுக்கப்பட்டன. அந்தத் தொகுப்புகள் ஹங்கேரியில் இசையமைப்பாளர் பேலா பார்தோக் கைக்குப் போயின. அவர் அதிர்ந்துபோய்த் தன்னுடைய பழைய ருமேனியப் பதிவுகளை எடுத்து மறுபடி கேட்டார். தானே முன்பு சமமான தாளமாக எழுதிவைத்திருந்த சில பாட்டுகளில் இந்த விந்தல் ஒளிந்திருப்பதைக் கண்டார். நீங்களும் நானும் செய்த அதே பிழையை அவ்வளவு பெரிய காதும் செய்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு மனசு லேசாகிறது. 1938இல் இதைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். பியானோ கற்பவர்களுக்காக அவர் எழுதிய மிக்ரோகாஸ்மாஸ் தொகுதிகளின் கடைசி ஆறு உருப்படிகளும் பல்கேரியத் தாள நடனங்கள்தான், 148 முதல் 153 வரை. அதில் 150ஆவது, இரண்டும் மூன்றுமாக ஐந்து. பைதுஷ்கோவின் கணக்கு. பியானோ வாசிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கிராமத்தில் இந்த ஆட்டம் எப்படி வாழ்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறும் திருநாளும் தேவாலயப் பூசை முடிந்த பிறகு ஊர் மைதானத்தில் ஹோரோ கூடும். வெறும் பொழுதுபோக்கு என்று சொல்ல முடியாது. யார் யார் பக்கத்தில் கைகோக்கிறார்கள் என்பதை ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு பையனும் பெண்ணும் நாலு வாரம் பக்கத்துப் பக்கத்தில் ஆடினால் வீட்டில் பேச்சு எழும். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் துள்ளி ஆடும் ஹோரோ கூடாது. அப்போது பெண்கள் பாடிக்கொண்டே மெதுவாக நடந்து ஆடும் வரிசைகளுக்கு மட்டும் இடம் உண்டு. ஈஸ்டர் அன்று காய்தா மறுபடி ஒலிக்கும். அத்தனை வாரம் அடக்கிவைத்த கால் அன்றைக்கு எப்படி ஆடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாசிடோனியாவில் கல்யாணத்தில் மாமியாருக்கென்றே ஓர் ஆட்டம் இருக்கிறது, ஸ்வெக்ர்வினோ ஓரோ. மணமகனின் தாய் கையில் சல்லடையை ஏந்தி வரிசையின் தலையில் நின்று ஆடுவார். மேற்கே கலிச்னிக் என்ற மலைக்கிராமத்தில் ஜூலை 12ஆம் தேதி பேதுரு திருநாளை ஒட்டி நடக்கும் கல்யாண விழாவில் ஆண்கள் தெஷ்கோத்தோ ஆடுவார்கள். மிக மெதுவாகத் தொடங்கும். ஒரு காலைத் தூக்கி அப்படியே நெடுநேரம் நிறுத்தி வைப்பார்கள். ஒரு கட்டத்தில் தலைவர் தபான் மேலேயே ஏறி நின்று ஆடுவார். பல்கேரியாவில் கலோஃபெர் ஊரில் ஜனவரி 6 அன்று ஆண்கள் உறையும் துண்ட்ஜா ஆற்றுக்குள் இறங்கித் தோளில் கைபோட்டு ஹோரோ ஆடுவார்கள். தண்ணீர் இடுப்பு வரை இருக்கும். இவை எதுவும் பைதுஷ்கோ இல்லை. ஆனாலும் வரிசை என்பது அந்த மக்களுக்கு என்னவாக இருக்கிறது என்று இவற்றைப் பார்த்தால்தான் பிடிபடும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆட்டம் மேடை ஏறியது. மாசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யேயில் தனெட்ஸ் நடனக் குழு 1949இல் தொடங்கியது; சோபியாவில் ஃபிலிப் குதெவ் 1951இல் அரசு நாட்டுப்புறக் குழுவைத் தொடங்கினார். மேடை நிறைய நன்மை செய்தது, அழிந்துபோக இருந்த எத்தனையோ படிகள் அதனால் பிழைத்தன. ஆனால் மேடையில் ஆடுகிறவர்கள் பார்வையாளரைப் பார்த்துத் திரும்ப வேண்டும், மூன்று நிமிடத்தில் பத்துப் படி மாற்ற வேண்டும். மைதானத்தில் ஒரே படியை இருபது நிமிடம் ஆடுவார்கள். ஐந்தாவது நிமிடத்துக்கு மேல்தான் ஹோரோ உடம்புக்குள் இறங்கத் தொடங்கும். அதனால் என் மனசு கொப்ரிவ்ஷ்டிட்ஸா பக்கம்தான். அந்த மலையூரில் 1965இலிருந்து பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் விழாவில் தொழில்முறைக் கலைஞர்கள் மேடை ஏறுவதில்லை, ஊர்க்காரர்களே வந்து பாடி ஆடுகிறார்கள். 2016இல் யுனெஸ்கோ அதை நல்ல பாதுகாப்பு முறைக்கான பட்டியலில் சேர்த்தது.

இன்று நகரங்களில் ஹோரோ பெரிய அளவில் திரும்பி வந்திருக்கிறது. வேலை முடிந்து கணக்கர்களும் நர்சுகளும் பொறியாளர்களும் பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களில் கூடி ஆடுகிறார்கள். நான் சேர்ந்ததும் அப்படி ஒன்றில்தான். புத்தாண்டு இரவு பன்னிரண்டு அடித்து தேசிய கீதம் முடிந்ததும் டிகோ இலியேவ் 1937இல் இசையமைத்த டான்யூப் ஹோரோ ஒலிக்கும். தெருவில் பனி இருந்தாலும் சரி, முன்பின் தெரியாதவர்கள் கைகோத்துவிடுவார்கள்.

இப்போது உங்கள் கல்யாணத்துக்கு. பைதுஷ்கோவை முதலில் எடுக்க வேண்டாம் என்பதுதான் என் யோசனை. முதலில் பிராவோ ஹோரோ. பெயருக்கே "நேரான" என்று பொருள்; எளிய தாளம், மூன்று அடி போய் ஒரு அடி தங்கும் வகைப் படி. கல்யாணத்தில் அதிக நேரம் ஆடுவதும் அதுதான். கைகோத்து நகர்வது பழகிவிடும். அப்புறம் பொடிக்கல் நடை, பாட்டில்லாமல், ஒரு வாரம். அப்புறம் தபான் நன்றாகக் கேட்கும் ஒரு பைதுஷ்கோ பதிவை எடுத்து, வேகத்தை முக்கால்வாசிக்குக் குறைத்து ஆடிப் பாருங்கள். அதற்கும் கீழே குறைக்காதீர்கள். ரொம்ப மெதுவானால் மனசு மறுபடி ஐந்து எண்ணத் தொடங்கிவிடும். காலுக்கு மெல்லிய அடி உள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். ஊர்க்காரர்கள் ஆடிய தோல் செருப்பு, த்ஸர்வுலி, கையுறை மாதிரி வளையும். தடித்த விளையாட்டு ஷூவில் தத்தல் வராது.

வரிசையில் சேரும் முறை முக்கியம். வாலில் போய்ச் சேருங்கள், கடைசி ஆளின் இடது கையைப் பிடித்துக்கொண்டு. நடுவில் நுழைவதானால் கைகோத்திருக்கும் தம்பதியைப் பிரிக்காதீர்கள். தலைவருக்கு முன்னால் போய் அவர் வலது கையைப் பிடிக்கவே கூடாது. அந்த இடத்தை அவராகக் கொடுத்தால்தான் ஏற்க வேண்டும். ஆட்டம் போய்க்கொண்டிருக்கும்போது கால் தப்பினால் நின்றுவிடாதீர்கள், நடந்துகொண்டே இருங்கள், பக்கத்துக் கை உங்களை அடுத்த நெட்டை அடிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். விலக வேண்டுமென்றால் இருபக்கத்துக் கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டுப் பின்னால் வாருங்கள்.

தோழியிடம் இப்போதே ஒன்று கேட்டு வையுங்கள்: அவர்கள் குடும்பத்தில் பைதுஷ்கோவின் விந்தல் எந்தப் பக்கம் போகும், வலமா இடமா? அது தெரிந்தால் வீட்டில் எந்தக் காலுக்குக் கல் போடுவது என்று முடிவு செய்துவிடலாம்.